கடனே இல்லையா? அப்போ கார்டும் இல்லை!

ஜப்பானில் நிரந்தர வேலை, நல்ல சம்பளம், ஒரு யென் வரி பாக்கி கிடையாது. ஆனாலும் ஒரு கிரெடிட் கார்டுக்காக அல்லாடும் வெளிநாட்டுக்காரர்களின் கதை.

விண்ணப்பித்த ஏழாவது நிமிடம் பதில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் மெயில். மரியாதைக்குக் குறைவே இல்லாத ஜப்பானிய மொழி. எங்கள் கார்டைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. ஒட்டுமொத்தமாகப் பரிசீலித்ததில் இம்முறை வழங்க இயலவில்லை. காரணத்தைத் தெரிவிக்க முடியாததற்குப் பெரிதும் வருந்துகிறோம். இத்தனை பணிவாக யாரும் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியதில்லை.

2014-இல் டோக்கியோ வந்தபோது சென்னையில் என் பெயரில் இரண்டு கார்டுகள் இருந்தன. வீட்டுக் கடனை முடித்து வாங்கிய பத்திரம் பீரோவில் இருந்தது. சிபில் ஸ்கோரும் கௌரவமான இடத்தில்தான் இருந்தது. இங்கே சம்பளம் இன்னும் அதிகம். என்னைவிடப் பொருத்தமான ஆள் அவர்களுக்கு எங்கே கிடைப்பார் என்ற நினைப்பில் அடுத்த கம்பெனிக்குப் போட்டேன். அதுவும் போச்சு. ரோஷத்தில் மூன்றாவது. அன்று ராத்திரியே அதற்கும் வருத்தம் தெரிவித்துவிட்டார்கள்.

ஆபீஸில் திருச்சிக்காரர் ஒருவர், பன்னிரண்டு வருடம் இந்த ஊரில் பழம் தின்று கொட்டை போட்டவர், கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“ஏம்ப்பா, ஒண்ணு விழலைன்னா ஆறு மாசம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். நீ வரிசையா மூணு போட்டுட்டு வந்து நிக்கிறியே! நீ கேட்டதெல்லாம் அவன் நோட்டுல ஏறிப்போச்சு.”

“எந்த நோட்டு சார்?”

“அண்ணாச்சி கடை நோட்டு மாதிரி. ஆனா நாடு முழுக்கச் சேர்த்து ஒரே நோட்டு.”

நோட்டில் பெயர் இல்லாதவன்

அந்த நோட்டின் பெயர் சிஐசி. 1984-இல் தொடங்கப்பட்ட கடன் தகவல் நிறுவனம். இதே வேலையைச் செய்ய ஜப்பானில் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று ஜேஐசிசி, மற்றது வங்கிகள் சங்கம் நடத்தும் மையம். கார்டு விஷயத்தில் சிஐசிதான் பெரியவர். 2008-இல் திருத்தப்பட்ட தவணை விற்பனைச் சட்டம், கார்டு கொடுக்கும் முன் விண்ணப்பதாரரால் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும், அதற்குக் கடன் தகவல் நிறுவனத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்கிறது. ஆக, ஏழு நிமிடத்தில் என்னைத் தள்ளியது மனிதன் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைக் கேட்டது. அங்கே என் பக்கம் காலி.

அந்தப் பக்கத்தை நாமும் வாங்கிப் பார்க்கலாம். இப்போது ஆன்லைனில் 500 யென். பார்க்க அலாதியான தாள். ஒவ்வொரு கடனுக்கும் அடியில் 24 சின்னக் கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று. கேட்ட பணத்தை நாள் தவறாமல் கட்டியிருந்தால் கட்டத்துக்குள் டாலர் குறி. கட்டவில்லை என்றால் ஆங்கில ‘ஏ’. நம்மூரில் முதல் மதிப்பெண்ணுக்குப் போடும் எழுத்து இங்கே கெட்ட சகுனம்! யென் புழங்கும் நாட்டில் நல்லவனுக்கு ஏன் டாலர் குறி போடுகிறார்கள் என்று யாரைக் கேட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை. இரண்டு மூன்று மாதம் பாக்கி வைத்தால் ‘இதோ’ என்று இரண்டு சித்திர எழுத்து ஏறும். அது ஏறினால் கணக்கை முடித்த பிறகும் ஐந்து வருடம் அழியாது. வெறுமனே விண்ணப்பித்த தகவல் ஆறு மாதம் நிற்கும். திருச்சிக்காரர் சொன்ன ஆறு மாதக் கணக்கு இதுதான். அடுத்தடுத்து நாலு கடையில் கடன் கேட்பவனைப் பார்த்தால் அண்ணாச்சிக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்.

என் தாளில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மூன்று விண்ணப்பங்களின் சுவடு மட்டும். இப்படி இருப்பவனுக்கு இந்த ஊரில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘சூப்பர் ஒயிட்’. கேட்கச் சலவைத்தூள் விளம்பரம் மாதிரி இருக்கிறது. உண்மையில் வசவு. நாற்பது வயது ஜப்பானியர் ஒருவரின் பக்கம் வெள்ளையாக இருந்தால் கார்டு கம்பெனி இரண்டு விதமாக யோசிக்கும். ஒன்று, வாழ்நாள் முழுக்க ரொக்கத்திலேயே வாழ்ந்த அபூர்வப் பிறவி. இல்லையென்றால் கடனில் மூழ்கி, கையை விரித்து, அந்தச் சுவடு ஐந்து வருடத்தில் அழிந்துபோய், இப்போது மறுபடி வந்து நிற்பவர். இரண்டாவது ஆள்தான் அவர்களுக்குப் பயம். போன மாதம் நரிதாவில் விமானம் இறங்கிய முப்பத்திரண்டு வயது பொறியாளரின் பக்கமும் அதே வெள்ளைதான். இவன் அவனில்லை என்று பிரித்துப் பார்க்க அந்தக் கணக்கில் இடம் இல்லை.

கடன் இல்லாதவன் நிம்மதியாகத் தூங்குவான் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். முப்பது வருடம் சேர்த்து வைத்த அந்தப் பெருமை இங்கே முதல் படிவத்திலேயே குற்றமாகிவிடுகிறது. சிபில் என்ன ஆனது என்கிறீர்களா? அது இந்தியக் கடலைத் தாண்டாது. கடந்த 2024 நவம்பரில்தான் சிஐசியே 200 முதல் 800 வரை ஸ்கோர் போட்டு நமக்குக் காட்ட ஆரம்பித்தது. அந்த ஸ்கோரும் பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால்தான் பேசும்.

ஜப்பானுக்குத் தவணை புதிது என்று நினைத்துவிட வேண்டாம். ஷிகோகு தீவில் இமாபாரிக்குப் பக்கத்தில் சகுராய் என்ற ஊர். அங்கே செய்த அரக்குக் கிண்ணங்களைப் படகில் ஏற்றிப்போய் ஊர் ஊராக விற்றவர்கள்தான் இந்த நாட்டுத் தவணை வியாபாரத்துக்கு வித்திட்டவர்கள் என்பார்கள். எவர்சில்வர் குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வாராவாரம் வசூலித்த நம்மூர்த் தவணைக்காரரின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். மாதத் தவணைக்கு ‘கெப்பு’ என்று பெயர். 1931-இல் கெப்பு கடையாகத் தொடங்கிய மாருய்தான் 1960-இல் ஜப்பானின் முதல் ‘கிரெடிட் கார்டை’ வெளியிட்டது. அடுத்த வருடம் ஜேசிபி. (மண் அள்ளும் மஞ்சள் வண்டி இல்லை. ஜப்பான் கிரெடிட் பீரோ.) கிண்ணம் விற்றவர் வாங்கியவளின் வீட்டு வாசலைப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தார். பார்க்க ஒரு முகம் இருந்தது. அந்தப் பரம்பரைதான் இன்று ஏழு நிமிடத்தில் வருத்தம் தெரிவிக்கிறது.

முத்துக்குமார் முசுக்குமார் ஆனது எப்படி?

பக்கம் காலி என்பது ஒரு சிக்கல். பக்கத்தின் தலைப்பில் என்ன பெயர் எழுதுவது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். அதுவும் தமிழர்களுக்கு.

முத்துக்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். நம்மில் பலருக்குப் போல அவருடைய பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் கட்டம் காலி. 2012 முதல் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தரும் ‘ஸைரியூ கார்டு’ என்ற குடியிருப்பு அட்டையிலும் அப்படியே, ஆங்கில எழுத்தில் ஒற்றைப் பெயர். கார்டு விண்ணப்பம் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. சரி, முத்து என்று ஒரு கட்டத்திலும் குமார் என்று அடுத்த கட்டத்திலும் வெட்டிப் போடுகிறார். சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள். அப்புறம் அது அட்டையில் இல்லாத பெயராகிவிடும்.

அடுத்து கத்தகானா. வேற்றுமொழிச் சொற்களுக்கான ஜப்பானிய எழுத்து. ‘து’ என்ற ஒலி அவர்களுடைய பழைய அரிச்சுவடியில் இல்லை. ‘ட்சு’தான் உண்டு. வங்கியில் உதவி செய்த பெண் முட்சுகுமார் என்று எழுதிவிட்டார். மொபைல் கடைப் பையன் ஆங்கில ‘டிஹெச்’சைப் பார்த்து, பள்ளியில் படித்தபடி ‘ஸ’ போட்டு, முசுகுமார் ஆக்கிவிட்டான். கார்டு விண்ணப்பத்தில் முத்துக்குமார் தானே கஷ்டப்பட்டு, பெரிய ‘தொ’வுக்குப் பக்கத்தில் குட்டி ‘உ’ வைத்து, ஓரளவு சரியாக எழுதுகிறார். அந்தக் குட்டி எழுத்தையும் வங்கிக் கணினி பெரிதாக்கிவிடும். 1973-இல் தொடங்கிய வங்கிகளுக்கு இடையிலான ஜெங்கின் வலையமைப்பில் கணக்குப் பெயர்கள் இன்னும் பெரும்பாலும் அரையகலக் கத்தகானாவில்தான் ஓடுகின்றன. ஒரே மனிதர், மூன்று பெயர். கார்டுப் பணத்தை எடுத்துக்கொள்ள வங்கிக் கணக்கை இணைக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். ‘ழ’ இருக்கும் பெயர்க்காரர்களின் பாட்டை நான் சொல்லவே வேண்டாம். வெங்கடசுப்பிரமணியன்களுக்குக் கட்டமே போதாது.

இதில் இனவெறி எங்கே இருக்கிறது என்று தேடினால் கையில் சிக்காது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒருவர் குடும்பப் பெயர் இல்லாமலும் பிறந்திருக்கலாம் என்பதை அந்தப் படிவத்தைச் செய்தவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் விளைவு என்னவோ ஒன்றுதான்.

“அவர் சீட்டில் இல்லை”

ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, திருச்சிக்காரர் சொல்லிக்கொடுத்த வழியில் போனேன்.

முதலில் ரொக்கம் கொடுத்து போன் வாங்குவதை விட்டேன். 24 மாதத் தவணை. போனுக்குக் கட்டும் தவணையும் சிஐசியில் ஏறும், மாதம் ஒரு டாலர் குறி. இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. தவணைக் காலத்தைவிட விசா காலம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் முழுப் பணத்தையும் கேட்பார்கள். ஒரு வருட விசாக்காரர் வரலாறு படைக்கவும் வழியில்லை.

இரண்டாவது, வங்கி பெயர் போட்ட கார்டுகள் பக்கமே போகவில்லை. அவை கெடுபிடிக்குப் பேர்போனவை. டிபார்ட்மென்ட் ஸ்டோர், சூப்பர் மார்க்கெட், ஆன்லைன் கடைகள் தரும் கார்டுகளுக்கு மனசு கொஞ்சம் இளகியது. அவர்களுக்கு நம் வட்டியைவிட நம் ஷாப்பிங் முக்கியம். மூன்றாவது, படிவத்தில் ‘கேஷிங்’ என்று ஒரு கட்டம் இருக்கும், கார்டில் ரொக்கம் எடுக்கும் வசதி. அங்கே பூஜ்யம். ரொக்கம் கேட்டால் பணம் கடன் கொடுப்போர் சட்டமும் உள்ளே வரும். ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன் கூடாது என்ற 2010 விதியும் கூடவே வரும். பூஜ்யம் போட்டால் ஒரு பரீட்சை குறைவு. வரம்பும் சின்னதாகக் கேட்க வேண்டும். 3 லட்சம் யென்னுக்குள் இருந்தால் சட்டமே பரிசீலனையை எளிமையாக்குகிறது.

அப்புறம் அந்த போன். விண்ணப்பித்தவர் சொன்ன கம்பெனியில் உண்மையிலேயே வேலை செய்கிறாரா என்று ஆபீஸுக்குக் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கம் இங்கே உண்டு. ‘ஸைசேகி காகுனின்’ என்பார்கள். இரண்டு நாள் அந்த போனுக்காகச் சீட்டை விட்டு நகராமல் இருந்தேன். மூன்றாம் நாள் டீ குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. எடுத்த சக ஊழியர் என்னைப் பார்த்து, “யாரோ பெயர் மட்டும் சொன்னார்கள், நீங்கள் சீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டேன்” என்றார். எனக்குத் தலை சுற்றியது. திருச்சிக்காரர் சிரித்தார். “அதுதாம்ப்பா வேணும் அவனுக்கு. சீட்டுல இல்லைன்னா, சீட்டு இருக்குன்னு அர்த்தம்.”

கார்டு உரியவர் மட்டுமே வாங்கக்கூடிய அஞ்சலில் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று உறையில் இருந்த பெயரையும் குடியிருப்பு அட்டையில் இருந்த பெயரையும் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் பார்த்தார். ஓர் எழுத்து மாறியிருந்தால் திருப்பி எடுத்துப்போயிருப்பார். அந்த அரை நிமிடம், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட அப்படி நின்றதில்லை. வரம்பு 1 லட்சம் யென்.

அந்த ஒரு லட்சத்துக்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். சுங்கச்சாவடியில் நிற்காமல் போக இ.டி.சி. அட்டை, அதற்குப் பெரும்பாலும் கிரெடிட் கார்டு. மலிவான மொபைல் திட்டங்கள் பலவற்றுக்குக் கிரெடிட் கார்டு. வாடகை வீட்டுக்கு ஜாமீன் நிற்கும் கம்பெனிகளில் சில சிஐசி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுக்கச் சம்மதிக்கும். நான் வந்த சமயத்தில் ரொக்கம்தான் ராஜா. 2015-இல் ஐந்தில் ஒரு பங்குச் செலவுகூட ரொக்கமில்லாமல் நடக்கவில்லை. 2025-க்குள் 40 சதவீதம் என்று அரசாங்கம் குறி வைத்தது. 2024-லேயே 42.8 சதவீதம் ஆகிவிட்டது. அந்த வருடக் கடைசியில் ஜப்பானில் குடியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் 37 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேல். அதில் இந்தியர்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். ரொக்கம் ஒதுங்க ஒதுங்க, கார்டு இல்லாதவனும் கூடவே ஒதுங்க வேண்டியிருக்கிறது.

வந்திறங்கியவர்களின் முதல் ஆறு மாதம் இன்னும் கஷ்டம். அந்நியச் செலாவணிச் சட்டப்படி ஆறு மாதம் ஆகாதவர் ‘குடியிருப்பாளர்’ இல்லை. அவருக்குச் சாதாரண வங்கிக் கணக்கே கிடைப்பது கடினம். உள்ளூர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் சேர்ந்த நாளிலிருந்தே குடியிருப்பாளர் என்று அதே விதிமுறை சொன்னாலும், கவுன்ட்டரில் ஆறு மாதம்தான் கேட்கிறார்கள். கணக்கு இல்லாமல் கார்டு ஏது?

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பாக்கியை வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டால் எந்த ஊரில் போய்த் தேடுவார்கள்? அப்படி ஏறியவர்களும் உண்டு, நம்மவர்கள் உட்பட. மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விசா காலம் போதாது என்று ஒரு வரி எழுதினால் காத்திருந்துவிட்டுப் போகிறோம். பெயர் பொருந்தவில்லை என்றால் திருத்திக்கொள்கிறோம். ‘ஒட்டுமொத்தப் பரிசீலனை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால், தன் தோலைத்தான் பார்த்தார்களோ என்று ஒவ்வொருவரும் ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்க வேண்டியதுதான்.

கிடைத்த பிறகு

கிடைத்ததும் கொண்டாட்டத்தில் கண்ணை மூடக் கூடாது. ‘ரிபோ’ என்று ஒரு பூதம் உண்டு. எவ்வளவு செலவு செய்தாலும் மாதம் இத்தனை கட்டினால் போதும் என்று ஆசை காட்டும் சுழல் கடன். வட்டி பொதுவாக ஆண்டுக்கு 15 சதவீதம். 1 லட்சம் யென் பாக்கிக்கு வட்டியோடு சேர்த்து மாதம் 5,000 கட்டினால் முடிய ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும், வட்டி மட்டும் 15,000 யென்னுக்கு மேல். பதிவு செய்தால் பரிசுப் புள்ளிகள் தருகிறேன் என்பார்கள். ஜப்பானிய மொழி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பொத்தானை அழுத்திவிட்டு, மாதத் தொகை மாறவே இல்லையே, என்ன நல்ல கார்டு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள். நான் ஐந்து மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

இன்னொன்று விசா புதுப்பிப்பு. புது அட்டை வந்ததும் வங்கிக்குக் காட்ட மறந்தால், பழைய அட்டையின் காலம் முடிந்ததும் வங்கி கணக்கைக் கட்டிப்போடலாம். கணக்கில் பணம் இருக்கும், ஆனால் கார்டுத் தொகை கழியாது. டாலர் குறி வரிசையில் ஒரு ‘ஏ’ வந்து உட்கார்ந்துகொள்ளும். பத்து வருடம் ஒழுங்காக இருந்த நண்பர் ஒருவருக்கு வீட்டுக் கடன் கேட்கப் போன இடத்தில்தான் இது தெரிந்தது.

என் மனைவிக்குக் குடும்ப அட்டை வாங்கிக் கொடுத்தேன். (ரேஷன் கார்டு இல்லை, என் கார்டின் குட்டி.) வருடக்கணக்காகக் கீரையும் தோஃபுவும் வாங்கித் தள்ளினாள். ஒருநாள் ஆசையாகத் தன் தாளை வாங்கிப் பார்த்தால், வெள்ளை வெளேர். குடும்ப அட்டையில் அவள் தேய்த்த ஒவ்வொரு தடவைக்கும் டாலர் குறி என் பக்கத்தில்தான் விழுந்திருக்கிறது. “கடைக்குப் போனது நான், நல்ல பேர் உங்களுக்கா?” என்று கேட்டாள். இதற்கு நானும் ஒட்டுமொத்தமாகப் பரிசீலித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டு வருமானத்தைக் காட்டி இல்லத்தரசிகள் தங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது வைத்திருக்கிறாள்.

போன மாதம் தூத்துக்குடிப் பையன் ஒருவன் எங்கள் ஆபீஸில் சேர்ந்தான். மூன்று வருட விசா. நிஷி கசாயில் அறை பார்த்துக் கொடுத்தோம். போன் வாங்க வேண்டும் என்றான். தவணையில் வாங்கு என்றேன். அன்று ராத்திரி அவன் அப்பா வீடியோவில் வந்தார்.

“தம்பி, போனைக் கடனுக்கு வாங்கச் சொன்னீங்களாமே. நான் முழுப் பணமும் அனுப்புறேன். எங்க வீட்டுல யாரும் தவணையில வாங்கினது கெடையாது.”

“தெரியும் அண்ணாச்சி. முழுசாக் கொடுத்தா இவன்னு ஒருத்தன் இருக்கிறதே இங்க எவனுக்கும் தெரியாது.”

“கடன் வாங்கினாத்தான் நம்புவானா? என்ன ஊருய்யா அது!”

அரை மணி நேரம் பேசினோம். கடைசியில், மாதா மாதம் தேதி தவறாமல் கட்டுகிறானா என்று நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் கடையிலிருந்து பையன் வாட்ஸ்அப் அனுப்பினான். படிவத்தின் படம். குடும்பப் பெயர் கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தான். கீழே ஒரு வரி: “அண்ணே, இதுல என்ன எழுத?”